ரேவதி, இரண்டு பேர்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்ததுமே தணிகாசலத்துக்கு அந்த வாசனை பிடிபட்டுவிட்டது. ஓமத்துக்குப் பங்காளி முறை ஆகவேண்டிய ஏதோ ஒரு காய்ந்த இலை, வெண்ணெயில் வதங்கிய பூண்டு, அதற்கடியில் லேசாகத் தீய்ந்த மாவு. இதேதான், சந்தேகமே இல்லை. ஏழெட்டு மாதமாகப் புதன்கிழமை சாயங்காலங்களில், தையல் வகுப்பிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற மனைவியின் புடவைத் தலைப்பில் இருந்தது இதே வாசனைதான். அன்றைக்கெல்லாம் அவள் ராத்திரி சாப்பிடமாட்டாள். வயிறு மந்தமா இருக்குங்க, நீங்க சாப்பிடுங்க என்பாள். ஊசியில் நூல் கோத்தால் வயிறு மந்தமாகுமா? இந்த எட்டு மாதத்தில் ஒரு தலையணை உறையாவது தைத்துக் காட்டியிருக்கிறாளா? அப்போதெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராகத் தலை நரைத்தவர் அவர். சந்தேகம் வந்த உடனே கேட்டுவிட்டால் ஆள் உஷாராகிவிடுவான் என்பது அவருக்குத் தெரியாதா? கதவோரம் நின்று, வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, ஸ்டேஷன் வரட்டும் என்று இருக்கவேண்டும். இருந்தார். இன்றைக்கு ஸ்டேஷன் வந்துவிட்டது போலிருக்கிறது. அதிலும் வேடிக்கை, அவளே ஆட்டோ பிடித்துப் பெரம்பூரிலிருந்து அண்ணா நகர் ஷாப்பிங் மாலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறாள். காலையில் எழுந்ததும், இன்னைக்கு சமைக்கல, வெளிய சாப்பிடலாம் வாங்க என்று அவள் சொன்னபோது இந்த மனுஷனுக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துக்குப் பவுடர். இப்போது அந்தப் பவுடர் வேர்வையில் கரைந்து காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். "வெல்கம் டு கஸா பெப்பினோ மேடம். ரிசர்வேஷன் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கும்மா. ரேவதி, ரெண்டு பேர்" என்றாள் அவர் மனைவி. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் அவருக்குத் தோன்றியது. ரேவதியா? இவள் பெயர் அம்சவேணி. கல்யாணப் பத்திரிகையில் சௌபாக்கியவதி அம்சவேணி என்று ஜிகினா எழுத்தில் போட்டிருந்தது. அவள் பக்கத்திலும் சரி, இவர் பக்கத்திலும் சரி, ரேவதி என்று ஒரு சித்தி, ஒரு நாத்தனார், ஒரு கைக்குழந்தை கிடையாது. ஆனால் எவ்வளவு சுளுவாகச் சொன்னாள்! பொய்ப் பெயர் சொல்கிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார்கள். அது அவருக்குத் தெரியும். வண்டியில் போட்டோ அடையாள அட்டையெல்லாம் கேட்காத காலத்தில், அடுத்தவன் டிக்கெட்டில் பயணம் போகிறவர்களை அவர் பிடித்ததே தனி வித்தை. சார்ட்டைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார், பரம சாதுபோலத் தாண்டிப் போய்விடுவார். நாலு பெர்த் தள்ளி நின்றுகொண்டு, யாரையோ தேடுகிற மாதிரி, ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து சார்ட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "கோவர்த்தனம்!" நிஜமான கோவர்த்தனம் என்றால் அரைத் தூக்கத்திலும் கழுத்து திரும்பும். அடுத்தவன் டிக்கெட்டில் வந்தவன் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருக்கிறவன் விலாவில் இடித்த பிறகுதான், ஐயோ நம்மளையா என்று பதறித் திரும்புவான். அதற்குள் இவர் அபராத ரசீதைக் கையில் எடுத்திருப்பார். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும், கழுத்துக்குப் பொய் வராது என்று ஈரோட்டில் வண்டிக்காரர்கள் தங்கிப் படுக்கிற ரன்னிங் ரூமில் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. இப்போது அந்த ஏப்ரன்காரப் பெண் மேஜை காலியா என்று பார்க்க உள்ளே போனாள். மனைவி வாசலில் தொங்கின செடியைப் பார்த்துக்கொண்டு முதுகு காட்டி நின்றாள். "ரேவதி மேடம், இந்தப் பக்கம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கழுத்து உடனே திரும்பியது. கண் இமைக்கிற நேரம்கூடத் தாமதம் இல்லை. இவள் இன்றைக்குக் காலையில் ரேவதி ஆனவள் இல்லை, ரொம்ப நாளாக எங்கேயோ, யாருக்கோ, ரேவதியாக இருந்து பழகியவள்.

சுவரோரமாக இருந்த மேஜையைக் காட்டினார்கள். அவள் வேண்டாமென்றாள். நடுவில் இருக்கிற மேஜைதான் வேண்டுமாம், அங்கிருந்து பார்த்தால் வாசலும் தெரியும், சமையலறைக் கதவும் தெரியும். யார் வருகிறார்கள் என்று பார்க்க? அல்லது யாராவது தன்னைப் பார்க்க? உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மெனு அட்டையைத் திறக்கிறதற்கு முன்னால் அதை முன்னும் பின்னும் புரட்டினாள். உப்பு ஜாடியைத் தூக்கி அடியைப் பார்த்தாள், எண்ணெய்ப் புட்டியைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரம். எதற்காகக் காத்திருக்கிறாள்? அவருக்கு நேர் எதிரில், சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. தொப்பி வைத்த ஒரு ஆள் கையில் மாவு உருண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே பெப்பினோ என்று எழுதியிருந்தது. இந்தக் கடையை ஆரம்பித்த இத்தாலிக்காரனாம். இத்தாலிக்காரனா இவன்? மீசையைப் பார்த்தால் அரக்கோணத்தில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேனாக இருந்த சம்பந்தம் மாதிரி இருக்கிறது. ஊர் பூராவும் இவர்களுக்குக் கிளை இருக்கிறது, எல்லாக் கிளையிலும் இதே போட்டோ மாட்டியிருக்கும், இவனும் எல்லா இடத்திலும் வேறு யாருடைய பெயரிலோ சிரித்துக்கொண்டிருப்பான். யாரைத்தான் நம்புவது? ஒரு பையன் வந்து ரொட்டிக் கூடையை வைத்தான். இருபத்தைந்து வயசிருக்கும், நெஞ்சில் பெயர்ப்பட்டை. அதைப் படித்தாலே போதும், ஆனால் அவள் படிக்காத மாதிரி, "உன் பேரு என்னப்பா?" என்றாள். "கிளாட்வின் மேடம்." "எந்த ஊரு?" "நாசரேத்து பக்கம் மேடம்." "கிளாட்வின்" என்று அவள் ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். முன்பின் தெரியாத பையனிடம் என்ன சிரிப்பு? முன்பின் தெரியாதவன்தானா? இவளுடைய ரேவதிக்கு இவன் ஒருவேளை தூது போகிறவனோ? கிளாட்வின் அவர் பக்கம் திரும்பி, "சாருக்கு மிளகு போடவா?" என்று கேட்டு, கர்லாக்கட்டை மாதிரி ஒரு மரக்குழாயைத் தட்டுக்கு மேலே பிடித்துத் திருகினான். போதும் என்று சொல்கிற வரைக்கும் திருகுவானாம். தணிகாசலம் யோசனையில் போதும் என்று சொல்ல மறந்துவிட்டார். ரொட்டி கறுத்துப்போயிற்று.

அவள் காளான் போட்ட பாஸ்தா கொண்டுவரச் சொன்னாள். சனிக்கிழமை, சைவம், அதுவரைக்கும் சரி. ஆனால் காளானா! மகன் திலீபன் சின்னப் பையனாக இருந்தபோது எங்கேயோ ஒரு கல்யாணத்தில் பந்தியில் வைத்துவிட்டார்கள் என்று, குப்பைமேட்டுக் குடையைத் திம்பாங்களா என்று இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தவள் இவள். இப்போது முள்கரண்டியால் ஒரு காளானைக் குத்தி, திருப்பிப் பார்த்து, முகம் சுளிக்காமல் வாயில் போட்டு மென்றாள். யார் பழக்கிவிட்டார்கள்? அதைவிடக் கொடுமை அந்தச் சுற்று. சேமியாவுக்குப் பெரியண்ணன் போல நீளநீளமாகத் தொங்கிய அந்தச் சமாசாரத்தைக் கரண்டி முனையில் பிடித்து, மணிக்கட்டை லேசாகத் திருப்பி, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற மாதிரி சுற்றி, ஒரு இழை வழுக்காமல் வாய்க்குள் கொண்டுபோனாள். இவர் தட்டில் அது நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வித்தையெல்லாம் ஒரு நாளில் வராது. எதிரே ஒருவன் உட்கார்ந்து, இப்படிப் பிடி, இப்படித் திருப்பு என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்திருக்கலாம். அந்தக் கை அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, சட்டைக் கை மடித்துவிட்ட, மோதிரம் போட்ட, நகம் சுத்தமாக வெட்டிய ஒரு கை. முகம் வரவில்லை. முகத்தை வரவழைக்க அவர் எவ்வளவோ பார்த்தார், பெப்பினோவின் மீசைதான் வந்தது. வேலையில் இருந்த காலத்தில் இந்த நினைப்பு எங்கே இருந்தது? மாதத்தில் பாதி ராத்திரி அவர் வண்டியில்தான் இருந்தார். மங்களூரில் இறங்கி, ஒரு குளியல் போட்டுவிட்டு, யாரோ படுத்து எழுந்த மெத்தையில் படுத்துத் தூங்கினார். அந்த ராத்திரிகளில் வீட்டில் இவள் என்ன செய்தாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், விழித்திருந்தால் எதை நினைத்துக்கொண்டு விழித்திருந்தாள் என்று ஒரு நாளாவது கேட்டாரா? கேட்கத் தோன்றியதே இல்லை. வீடு பூட்டியிருக்கும், உள்ளே அவள் இருப்பாள். பீரோ இருக்கிற மாதிரி, ஃப்ரிட்ஜ் இருக்கிற மாதிரி இருப்பாள். காலையில் வந்து, இந்தா, காபி என்றால் காபி வரும். வந்துகொண்டுதான் இருந்தது. அப்போதே ரேவதி இருந்தாளா? இல்லை, இது ரிடையர் ஆன பிறகு வந்த வினையா? நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, பால் பாக்கெட்டில் தேதி பார்த்து, கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று கேட்டு, போன் வந்தால் யாரு யாரு என்று கேட்டு அவள் உயிரை வாங்கியதில் பிறந்தவளா இந்த ரேவதி?

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்று அவள் எழுந்தாள். சாப்பாட்டுக்கு நடுவிலா? அதுவும் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு. கை கழுவப் போகிறவளுக்குப் போன் எதற்கு? அவள் புடவை கழிவறைப் பக்கம் திரும்பி மறைந்ததும் தணிகாசலம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கிளாட்வினைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "தம்பி, இந்தம்மா இங்க அடிக்கடி வர்றவங்களா?" "இல்ல சார், இன்னைக்குத்தான் பாக்குறேன்." "நல்லா யோசிச்சுச் சொல்லு." "நெசமாத்தான் சார். ஏன் சார், சாப்பாட்டுல ஏதாச்சும் கொறையா?" பையன் முகம் வெளுத்துவிட்டது. பயந்தவன் பொய் சொல்வானா, பொய் சொல்கிறவன் பயப்படுகிறானா? ரயிலில் என்றால் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. கறுப்புக் கோட்டு இல்லாமல் எதிரே நிற்கிறவனை எடைபோட அவருக்கு வரவில்லை. ஒன்றுமில்லை போ என்று அனுப்பிவிட்டு, அவளுடைய காலி நாற்காலியைப் பார்த்தார். இப்படியே அந்தக் கழிவறைப் பக்கத்தில் வேறு ஒரு வாசல் இருந்து, அதன் வழியாக அவள் போய்விட்டால்? திரும்பியே வரவில்லை என்றால்? இவர் என்ன செய்வார்? கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அவருக்கு முதலில் நினைவு வந்தது, வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்பதுதான். ரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில் என்று தெரியாது. புனேயிலிருந்து திலீபன் போன் பண்ணினால் என்ன பேசுவது என்று தெரியாது. நல்லா இருக்கியாப்பா என்பான், இந்தா அம்மாகிட்ட பேசு என்று கொடுத்துவிடுவார், அவ்வளவுதான் அவருடைய பேச்சு. சாயங்காலம் விளக்குப் போடாத ஒரு வீடு அவர் கண் முன்னால் வந்தது, அதில் ஒரு நாற்காலி, அதில் ஒரு கிழவன். அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பயம் வந்துவிட்டது. நிஜமான பயம். எவனோ ஒருவன் இருந்தால்கூட இருந்துவிட்டுப் போகட்டும், அவள் அந்தக் கழிவறையிலிருந்து வந்துவிட்டால் போதும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்துவிட்டார். நினைத்ததற்காக உடனே தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

வந்துவிட்டாள். போனில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தாள். உட்கார்ந்து, போனைக் கவிழ்த்துவைத்தாள். கவிழ்த்துவைத்தாளே! அவள் உட்காருவதற்காகவே காத்திருந்தவன்போல மேனேஜர் வந்தான். டை கட்டியவன், காதோரம் மட்டும் அழகாக நரைத்தவன், நகம் சுத்தமாக வெட்டியவன். "எவ்ரிதிங் ஓகே மேடம்? சாப்பாடு பிடிச்சிருக்கா?" என்று லேசாகக் குனிந்தான். இவரைப் பார்க்கவே இல்லை. ஆக, இவன்தான். முகம் கிடைத்துவிட்டது. "நல்லா இருக்கு சார். சாஸ் மட்டும் கொஞ்சம் ஆறிப்போச்சு" என்றாள் அவள், அந்தச் சிரிப்போடு. "சாரி மேடம், உடனே வேற கொண்டுவரச் சொல்றேன்" என்று அவன் குழைந்தான். தணிகாசலம் மேஜை விளிம்பைப் பிடித்தார். எழுந்துவிடவேண்டியதுதான், எழுந்து, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, ரேவதி யாருடா என்று கேட்டுவிடவேண்டியதுதான். பாதி எழுந்தும்விட்டார். அப்போது அவள் முள்கரண்டி கீழே விழுந்தது. விழுந்ததா? அவர் பார்த்துக்கொண்டிருந்தார், விழவில்லை, விரலைத் தளர்த்தி விட்டாள். விட்டுவிட்டு அதைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு கிளாட்வினைப் பார்த்தாள். அவன் ஓடிவந்து புதுக் கரண்டி வைத்ததும் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். மேனேஜர் போன திசையில் ஒரு பார்வைகூட இல்லை. தணிகாசலம் பாதி எழுந்தபடியே நின்றுவிட்டார். இந்தக் கண்ணை அவருக்குத் தெரியும். எங்கேயோ பார்த்திருக்கிறார். இவளிடத்தில் இல்லை, வண்டியில், எஸ் ஆறு பெட்டியில். வேட்டி கட்டிய ஒருவர் சேலம் வரைக்கும் ஒரு படுக்கை கேட்டார். அம்மாவுக்கு ஆபரேஷன், கொஞ்சம் பாத்துச் செய்யுங்க என்று கும்பிட்டு, கைக்குள் மடித்த நோட்டை நீட்டினார். முகம் கெஞ்சியது. கண் கெஞ்சவில்லை. அந்தக் கண் இவருடைய பெயர்ப்பட்டையைப் படித்தது, கடிகாரத்தைப் பார்த்தது, இவர் கை எந்தப் பாக்கெட்டுக்குப் போகிறது என்று பார்த்தது. என்னவோ உறுத்தியது, இவர் முறைப்படி ரசீது எழுதி நீட்டினார். லஞ்சம் வாங்குகிறவர்களைப் பிடிக்க விஜிலென்ஸ்காரர்கள் அனுப்பிய பொய்ப் பயணி அவர் என்று பிறகுதான் தெரிந்தது, பக்கத்துப் பெட்டியில் இருந்த பரிசோதகன் மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் கண்ணைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அது இப்போது மேஜைக்கு எதிர்ப்புறம், தன் மனைவி முகத்தில், சிரிக்கிற முகத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

மெதுவாக உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்க்கிற மாதிரி முன்னால் குனிந்து, "இந்தா, நீ என்ன, செக்கிங்கா?" என்றார். சுற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவரை ஒரு ஆளாக மதித்துப் பார்த்த மாதிரி இருந்தது. "மெதுவா பேசுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" "கண்ணு." அவள் துணியால் வாயைத் துடைக்கிற சாக்கில் சொன்னாள். ஒரு கம்பெனி இருக்கிறதாம். ஓட்டல்காரர்களே அவர்களிடம் சொல்லி, வாடிக்கையாளர் மாதிரி ஆள் அனுப்பச் சொல்வார்களாம். வாசலில் எப்படிக் கூப்பிடுகிறார்கள், சாப்பாடு சூடாக வருகிறதா, கழிவறை சுத்தமா, கீழே விழுந்த கரண்டியை எத்தனை நேரத்தில் மாற்றுகிறார்கள், மேனேஜர் வந்து விசாரிக்கிறாரா, எல்லாவற்றையும் பார்த்துப் போனில் எழுதி அனுப்பவேண்டும். கீழ்வீட்டுப் பெண்தான் சேர்த்துவிட்டதாம். "அப்ப தையல் கிளாஸு?" "ரெண்டு வாரம் போனேன். இடுப்பு வலி, விட்டுட்டேன்." "இந்த முள்கரண்டி சுத்துறதெல்லாம்?" "போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். நூல்கண்ட வச்சுச் சுத்திப் பாப்பேன், நீங்க மத்தியானம் தூங்கும்போது." "பேரு?" "சொந்தப் பேரு குடுக்கக் கூடாது. ஏதாவது ஒண்ணு வச்சுக்குங்கன்னாங்க. வச்சுக்கிட்டேன்." "இன்னைக்கு என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்த?" "எப்பவும் வேற கிளைக்கு, தனியாத்தான் போவேன். இந்த வாட்டி ஜோடியா வரணும்னு சொல்லிட்டாங்க. வேற யாரைக் கூட்டிட்டு வர்றது?" அந்தக் கடைசிக் கேள்வியைத் தணிகாசலம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார், இனித்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" "சொன்னா என்னைச் செக் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க." கோபமே இல்லாமல், ஒரு காளானை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். தணிகாசலம் ரொட்டியில் இருந்த மிளகை விரலால் தட்டிவிட்டார். அவளாகவே, "சாப்பாடு என்னவோ வழவழன்னுதான் இருக்கு. ஆனா வர்றது புடிச்சிருக்குங்க. உள்ள நொழைஞ்சதும் பேரக் கேப்பாங்க, அப்புறம் போற வரைக்கும் பேரு சொல்லியே கூப்பிடுவாங்க. டிடிஆர் வீட்டம்மான்னு இங்க யாருக்கும் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். இனிப்பு வர நேரமாகிக்கொண்டிருந்தது.

எழுந்து வெளியே வரும்போது தணிகாசலத்துக்கு உடம்பில் பத்து வயசு குறைந்திருந்தது. எவனும் இல்லை. நகம் வெட்டியவனும் இல்லை, மோதிரம் போட்டவனும் இல்லை. பெப்பினோவைப் பார்த்துக்கூட ஒரு சிரிப்புச் சிரித்தார். போடா பாயின்ட்ஸ்மேன், நீ யாராக இருந்தால் எனக்கென்ன. என் பெண்டாட்டி விஜிலென்ஸ்! திலீபனிடம் சொன்னால் நம்புவானா? அந்த மேனேஜர் எப்படிக் குழைந்தான், பாவம், மார்க்குப் போடுகிற அம்மாவிடம் ஆறின சாஸைக் கொடுத்துவிட்டு. மாலின் நடுக்கூடத்தில் குழந்தைகளுக்கான பொம்மை ரயில் ஒன்று மணியடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போயிற்று. அதற்கும் டிக்கெட் உண்டு, எவனும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், கைப்பைக் கடை ஜன்னலைப் பார்த்தபடி, நிதானமாக, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. அந்த முதுகைப் பார்த்ததும் அவருக்கு ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி ஆசையாக இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும், கூப்பிடவேண்டும். இந்தா என்று வாய் வரைக்கும் வந்ததை நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷமாக அதுதான், இந்தா, ஏம்மா, நாலு பேர் இருந்தால் திலீபன் அம்மா, போனில் நான்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் கூப்பிட்டால் இன்னொருத்தர்தானே வரப்போகிறார்கள், பெயர் எதற்கு? இன்றைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பழைய வித்தையையே காட்டலாம், அவளும் சிரிப்பாள். நாலு பெர்த் தூரம் விட்டு நின்றுகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்சவேணி!" என்றார். நாக்குக்குப் பழக்கமில்லை, புதுச் செருப்பு மாதிரி கடித்தது. அவள் போய்க்கொண்டிருந்தாள். பொம்மை ரயிலின் சத்தம் என்று நினைத்து, அது தாண்டிப் போகிற வரைக்கும் காத்திருந்து, இன்னும் பலமாக, "அம்சவேணி!" என்றார். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் மொத்தமாகத் திரும்பி அவரைப் பார்த்தது. அவள் கழுத்து அசையவில்லை. ஜன்னலில் ஒரு சிவப்புக் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றார். சார்ட்டில் இருக்கிற பெயர் அதுதான். எத்தனை வருஷப் பயணம், ஒரே வண்டி, ஒரே பெர்த். இப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை அவருக்குத் தெரியும். அப்போது பின்னாலிருந்து தடதடவென்று காலடி, கிளாட்வின் ஓடிவந்தான், கையில், மீந்ததைக் கட்டித் தரச் சொல்லிவிட்டு இவர் மேஜையிலேயே மறந்துவிட்ட ரொட்டிப் பொட்டலம். "ரேவதி மேடம்! பார்சல்!" கழுத்து உடனே திரும்பியது, முகம் மலர்ந்தது. "தேங்க்ஸ்ப்பா கிளாட்வின்" என்று வாங்கிக்கொண்டாள். பிறகுதான் இவர் வாயைத் திறந்தபடி நிற்பதைக் கவனித்தாள். "பின்னாடி யாரையோ பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களே, யாரு? தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். "தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்" என்றார் தணிகாசலம்.